வெளிப்படையும் குறிப்பும்: விண்டோஸ் 8 இயங்குதளம் பெற்ற எதிர்வினைகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினி இயங்குதளம் ஒன்றின் தோற்ற மாற்றத்தைத் திறனாய்வுப் பொருளாகக் கொள்வது தமிழ் ஆய்விதழ் ஒன்றின் வாசகர்களுக்குச் சற்றுப் புறம்பானதாகத் தோன்றலாம். ஆயினும் கணினித் திரையும் படிக்கப்படும் ஒரு பனுவலே. அதில் குறிகள் உள்ளன. அக்குறிகளுக்குப் பொருள் உண்டு. அப்பொருளை உணர்ந்து செயற்படும் வாசகரும் உளர். ஒரு நாள் அக்குறிகள் திடீரென மாற்றப்படுமாயின் வாசகர் எவ்வாறு எதிர்வினையாற்றுகின்றனர், அவ்வெதிர்வினையைப் பனுவலை இயற்றியவர் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பன இலக்கியத் திறனாய்வாளருக்கு நன்கு பழக்கமான வினாக்களாகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் விற்பனைக்கு வெளியிட்ட விண்டோஸ் 8 இயங்குதளம் இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அதற்கெதிராக எழுந்த குரல்கள் அக்காலத்தில் ‘மாற்றத்தை ஏற்க மறுக்கும் மனப்பான்மை’ என்னும் ஒரே தொடருக்குள் அடக்கப்பட்டன. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதும், பயனர்கள் உண்மையில் முறையிட்டது கண்ணுக்குத் தெரிந்த குறிகள் அகற்றப்பட்டதையும் தெரிவுரிமை மறுக்கப்பட்டதையுமே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாற்றத்தின் தன்மை

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளிவந்தது. திரையின் இடது கீழ்மூலையில் ‘ஸ்டார்ட்’ என்னும் சொல் பொறித்த பொத்தான் அன்றுதான் அறிமுகமாயிற்று. அதனை அழுத்தினால் நிரல்கள், ஆவணங்கள், அமைப்புகள், கணினியை நிறுத்தும் கட்டளை ஆகிய அனைத்தும் ஒரு பட்டியலாக விரிந்தன. பின்வந்த எக்ஸ்பி, விஸ்தா, விண்டோஸ் 7 ஆகிய பதிப்புகளில் இப்பொத்தானின் தோற்றம் மாறியது. விஸ்தாவில் அச்சொல் மறைந்து வட்டச் சின்னம் அவ்விடத்தைப் பெற்றது. எனினும் அதன் இடமும் பணியும் மாறவில்லை. பதினேழு ஆண்டுகளாகக் கணினி கற்பித்த ஆசிரியர் பலரும் தொடங்கிய இடம் அம்மூலையே எனலாம்.

விண்டோஸ் 8 அப்பொத்தானை நீக்கியது. பட்டியலின் இடத்தில் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் வண்ணக் கட்டங்களாலான தொடக்கத் திரை வைக்கப்பட்டது. கணினியை இயக்கியதும் முதலில் தோன்றியது இத்திரையே. பழைய மேசைத்திரையோ அக்கட்டங்களுள் ஒன்றின் பின்னால் ஒதுங்கியது. பிற கட்டளைகள் திரையின் மூலைகளில் ஒளித்துவைக்கப்பட்டன. இடது கீழ்மூலைக்குச் சுட்டெலியைக் கொண்டுசென்றால் தொடக்கத் திரைக்குத் திரும்பும் வழி தோன்றும். வலப்பக்க மூலைகளுக்குக் கொண்டுசென்றால் ‘சார்ம்ஸ்’ எனப்பட்ட பட்டை வெளிப்படும். கணினியை நிறுத்த விரும்புபவர் அப்பட்டையை வரவழைத்து, அமைப்புகளைத் தெரிவுசெய்து, அதனுள் மின்சக்திச் சின்னத்தை அழுத்தி, அதன் பின்னரே நிறுத்தும் கட்டளையை அடைய முடிந்தது. முழுத்திரையில் இயங்கிய புதுவகைச் செயலிகளில் மூடுவதற்குரிய பெருக்கற்குறியும் இல்லை. திரையின் மேல்விளிம்பைப் பற்றிக் கீழ்விளிம்பு வரை இழுக்க வேண்டியிருந்தது.

இம்மாற்றத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டு ஐபேட் வெளிவந்தபின் தொடுதிரைக் கருவிகள் மேசைக்கணினியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்னும் அச்சம் கணினித் துறையில் பரவியிருந்தது. விரலுக்கும் சுட்டெலிக்கும் ஒரே இயங்குதளம் என்பதே ஸ்டீவன் சினாப்ஸ்கியின் தலைமையிலிருந்த விண்டோஸ் பிரிவின் நோக்கம். விரலால் ஒதுக்கி விளையாடுவதற்கு வண்ணக் கட்டங்கள் வசதியானவை என்பதையும், கணினி முன்னினும் விரைவாகத் தொடங்கியது என்பதையும் கடுமையாகக் குறைகூறியோரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் மேசைக்கணினியின் முன் அமர்ந்திருந்தவரிடம் தொடுதிரை இல்லை. இருவேறு வாசகர்க்கு ஒரே பனுவலை எழுதியதில் ஒருவருக்கான மொழி மற்றவருக்குப் புரியாமற் போயிற்று.

எதிர்வினைகளின் வகைகள்

எதிர்வினைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. அவற்றைப் பேசியவர் யார், எந்நிலையில் நின்று பேசினார் என்பதைக் கொண்டு வகைப்படுத்துதல் வேண்டும்.

முதல் வகை, அன்றாடப் பயனரின் தடுமாற்றம். 2012 பிப்ரவரி 29ஆம் நாள் பொதுமக்களின் முன்னோட்டத்திற்காக இவ்வியங்குதளம் வழங்கப்பட்டது. அடுத்த மாதமே, முதிய பயனர் ஒருவர் அதனை முதன்முறையாகக் கையாளுவதைக் காட்டும் காணொளி பரவலாகப் பார்க்கப்பட்டது. மேசைத்திரைக்குள் வந்துவிட்ட அவர் தொடக்கத் திரைக்குத் திரும்பும் வழி தெரியாமல் திகைக்கிறார். அவர் கணினி அறியாதவர் அல்லர். தேட வேண்டிய பொருள் திரையில் இல்லை என்பதே அவருடைய சிக்கல்.

இரண்டாம் வகை, பயன்பாட்டியல் அறிஞரின் மதிப்பீடு. இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய யாக்கோப் நீல்சன் கணினிப் பழக்கமுள்ள 12 பேரைக் கொண்டு சோதனை நடத்தி 2012 நவம்பரில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே கருவிக்குள் இரு சூழல்கள் முரண்பட்டு நிற்பது, அழுத்தக்கூடியது எது வெறும் எழுத்து எது என்று பிரித்தறிய முடியாத தட்டையான வடிவமைப்பு, மறைந்துகிடக்கும் கட்டளைகளைப் பயனர் மறந்துவிடுவது ஆகியவை அவர் சுட்டிய குறைகளுள் சில. பல சாளரங்களை ஒருங்கே காட்டவியலாத புதிய சூழலுக்குச் சாளரங்கள் என்னும் பன்மைப் பெயர் பொருந்தவில்லை என்றும் அவர் எள்ளினார்.

மூன்றாம் வகை, தொழில்நலன் சார்ந்த எதிர்ப்பு. கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2012 ஜூலையில் விண்டோஸ் 8-ஐப் பேரழிவு என்றார். புதிய இயங்குதளத்தோடு மைக்ரோசாப்ட் தொடங்கவிருந்த செயலி விற்பனைத்தளம் அவருடைய வணிகத்திற்குப் போட்டியாகும் என்பதை மனத்திற்கொண்டே அச்சொல்லை மதிப்பிட வேண்டும்.

நான்காம் வகை சொல்லால் அமையாதது, செயலால் அமைந்தது. பழைய பட்டியலை மீட்டுத்தரும் கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்8 முதலிய மென்பொருள்களைப் பலர் தேடிப்பெற்று நிறுவிக்கொண்டனர். பல அலுவலகங்கள் பணியாளருக்கு மறுபயிற்சி அளிக்கும் செலவை எண்ணி விண்டோஸ் 7 பதிப்பிலேயே தங்கிவிட்டன. தம் கணினியில் வேறொருவர் எழுதிய ஒட்டு வேலையைச் செய்துகொள்ளும் அளவிற்கு ஒரு பயனர் செல்வாராயின், அவருடைய முறையீட்டைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது.

குறிப்புப் பொருள் எப்போது விளங்கும்?

தமிழ் இலக்கண மரபு பொருளுணர்த்தும் முறையை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பகுத்துக் காண்கிறது. சொல் தன் பொருளை நேரே தருவது வெளிப்படை. இடமும் சூழலும் கொண்டு உய்த்துணர வைப்பது குறிப்பு. இப்பகுப்பு விண்டோஸ் 8 எழுப்பிய சிக்கலை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைசெய்கிறது. 1995ஆம் ஆண்டின் பொத்தான் வெளிப்படை. தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு அது திரையில் நின்றது. 2012ஆம் ஆண்டின் மூலைகளோ குறிப்பு. வெற்றிடம்போல் தோன்றும் ஓரிடம் கட்டளையைத் தாங்கி நிற்கிறது என்பதைப் பயனர் உய்த்துணர வேண்டியிருந்தது.

குறிப்பு தாழ்ந்தது என்பது இதன் கருத்தன்று. சங்க அகப்பாடல்களின் சிறப்பே குறிப்பில் உள்ளது. ஆனால் அங்குக் குறிப்பு விளங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளுறை உவமம் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். நாரை இன்ன நிலத்துக்கு உரியது, அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கம் இன்னது என்பதைப் புலவரும் கேட்போரும் முன்பே அறிந்திருந்தனர். அப்பொதுவறிவு இருந்தமையால்தான் சொல்லாமல் விட்டதும் பொருள் தந்தது. திணை மரபை அறியாத மாணவருக்கு அதே பாடல் வெறும் இயற்கை வருணனையாக நின்றுவிடுவதை வகுப்பறையில் காண்கிறோம். விண்டோஸ் 8 குறிப்பை மட்டும் தந்தது. அதற்குரிய மரபைத் தரவில்லை. முதன்முறை கணினியைத் திறக்கும்போது சுட்டெலியை ஏதேனும் ஒரு மூலைக்கு நகர்த்துமாறு கூறும் சிறு அசைபடம் மட்டுமே காட்டப்பட்டது. எந்த மூலை எதற்கு என்பதை அது கற்பிக்கவில்லை.

மேலைநாட்டுத் திறனாய்வில் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967ஆம் ஆண்டு கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உரையில் முன்வைத்த ‘எதிர்பார்ப்பு அடிவானம்’ என்னும் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. வாசகர் ஒவ்வொரு பனுவலையும் முன்பு படித்தவற்றால் உருவான எதிர்பார்ப்போடு அணுகுகிறார். அவ்வடிவானத்திலிருந்து ஒரு பனுவல் விலகி நிற்கும் தொலைவே அதன் கலைமதிப்பைக் காட்டக்கூடும் என்பது யாவ்ஸின் கருத்து. விண்டோஸ் 8-ஐ ஆதரித்தோர் இவ்வாதத்தை அறிந்தோ அறியாமலோ பயன்படுத்தினர்: புதுமை முதலில் அதிர்ச்சி தரும், பின்னர் இயல்பாகும் என்றனர். கலைப்படைப்பில் அத்தொலைவு வாசகருக்குப் பயன் தருவது, ஏனெனில் அங்கே படிப்பதே நோக்கம். கணினித் திரையிலோ நோக்கம் வேறு. கடிதம் எழுத வந்தவர், மாணவரின் மதிப்பெண்ணைப் பதிய வந்தவர் திரையைக் கடந்து தம் வேலைக்குச் செல்ல விரும்புகிறார். அவரைத் திரையிலேயே நிறுத்தி வியக்கவைப்பது இடையூறாகவே முடியும்.

எண்ணிக்கையும் பொருளும்

மைக்ரோசாப்ட் நிறுவனம் இம்முடிவைக் கண்மூடித்தனமாக எடுக்கவில்லை. பயனர்களின் இசைவுடன் திரட்டப்பட்ட பயன்பாட்டுத் தரவுகள் அதனிடம் இருந்தன. விஸ்தாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தபோது தொடக்கப் பட்டியலின் பயன்பாடு 11 விழுக்காடு வரை குறைந்துவிட்டதென அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டில் விளக்கம் தந்தது. அடிக்கடி தேவைப்படும் நிரல்களைப் பயனர்கள் பணிப்பட்டையிலேயே பொருத்திக்கொண்டமையால் இக்குறைவு நிகழ்ந்தது. தரவு பொய்யன்று. அதிலிருந்து பெறப்பட்ட முடிவே ஆராய்வுக்குரியது.

ஒரு பொருள் எத்தனை முறை பயன்படுகிறது என்பது ஓர் உண்மை. எதற்காகப் பயன்படுகிறது என்பது வேறோர் உண்மை. அகராதியை நாள்தோறும் புரட்டுவோர் சிலரே. எனினும் ஐயம் வருங்கால் அது மேசைமேல் இருந்தாக வேண்டும். தொடக்கப் பட்டியலும் அத்தகையது. எப்போதாவது வேண்டப்படும் நிரலை, மறந்துபோன அமைப்பை, இருக்கிறதா என்றே தெரியாத ஒரு கருவியைத் தேடும்போது சென்றடையும் இடம் அது. அழுத்தங்களின் எண்ணிக்கை குறைந்தமை அதன் தேவை குறைந்தமைக்குச் சான்றாகாது.

இதே மயக்கம் வெளியீட்டிற்குப் பின்னும் தொடர்ந்தது. ஆறு மாத அளவில் 10 கோடி உரிமங்கள் விற்பனையானதாக 2013 மே மாதம் அறிவிக்கப்பட்டது. புதுக் கணினி வாங்குபவருக்கு அதனோடு வருவதே இயங்குதளம் என்னும் நிலையில், உரிம எண்ணிக்கை ஏற்பைக் காட்டும் அளவுகோலாக முடியாது. சொல்லடைவு தொகுத்து ஒரு சொல் எத்தனை முறை வந்துள்ளது என்று எண்ணுவோர் அவ்வெண்ணிக்கையோடு ஆய்வை முடித்துக்கொள்ளக் கூடாது என்பதை நாம் மாணவருக்கு அறிவுறுத்துகிறோம். அவ்வறிவுரை இங்கும் பொருந்தும்.

பழக்கம் என்னும் குற்றச்சாட்டு

பயனர்கள் எப்போதும் புதியதை வெறுப்பர் என்னும் வாதத்தை வரலாற்றோடு ஒட்டிப் பார்ப்பது நலம். விண்டோஸ் 95 அதற்கு முந்தைய 3.1 பதிப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அதன் முகப்பு உருவான முறையை, வடிவமைப்பாளருள் ஒருவரான கென்ட் சல்லிவன் 1996ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதிவுசெய்துள்ளார். 64 கட்டங்களில் 560 பேரைக் கொண்டு ஆய்வகச் சோதனைகள் நடைபெற்றன. நிரலைத் தொடங்கும் வழி புரியாமல் சோதனையாளர்கள் தடுமாறியமை அப்பொத்தானின் இறுதி வடிவத்தைத் தீர்மானித்தது. அவ்வாறு உருவான பின்னரும், தொடங்குவதற்கு இங்கே அழுத்துக என்னும் பொருள்படும் தொடர் ஓர் அம்புக்குறியோடு பணிப்பட்டையில் நகர்ந்துவந்து பொத்தானைச் சுட்டிக்காட்டியது. வெளிப்படையாக நின்ற குறிக்கே விளக்கம் தரப்பட்டது என்பது கருதத்தக்கது.

இன்னொன்றும் கருதத்தக்கது. விண்டோஸ் 3.1-இன் நிரல் மேலாளரை விரும்பியோர்க்காக அது 95 பதிப்பிலும் உடன்வைக்கப்பட்டது. எக்ஸ்பியும் விஸ்தாவும் பழைய வகைத் தொடக்கப் பட்டியலுக்கு மாறிக்கொள்ளும் தெரிவை அளித்தன. விண்டோஸ் 8-இல் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 2011 செப்டம்பரில் நிரலாளர்களுக்கு வழங்கப்பட்ட முன்னோட்டப் பதிப்பில் பதிவேட்டின் ஒரு மதிப்பை மாற்றினால் பழைய பட்டியல் திரும்பிவந்தது. அடுத்த முன்னோட்டத்தில் அவ்வழியும் அடைக்கப்பட்டது. ஆகவே, புதிய வீடு கட்டியதன்று பயனரைச் சினமூட்டியது. பழைய வாயிலைச் சுவர்வைத்து அடைத்ததே அச்சினத்திற்குக் காரணம்.

நன்னூலார் பழையன நீங்குவதையும் புதியன சேர்வதையும் வழுவாகக் கொள்ளவில்லை. காலத்தின் இயல்பாகவே கொண்டார். ஆனால் அவர் பேசுவது வழக்கில் படிப்படியாக நிகழும் மாற்றம். ஒரு தரப்பு ஒரு நாளில் ஆணையிடும் மாற்றத்திற்கு அந்நூற்பாவைத் துணைக்கழைப்பது பொருந்துமா என்பது ஐயமே. ஆணையால் வந்த மாற்றமும் ஏற்கப்படக்கூடும் என்பதற்குத் தமிழிலேயே சான்றுள்ளது. தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீர்ப்படுத்தியது. பின்னர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவ்வடிவங்கள் வழக்குக்கு வந்தன. துதிக்கைபோல் வளைந்த ‘லை’, ‘ளை’ முதலியன நீங்கின. புதிய குறி எதுவும் அங்குப் புகுத்தப்படவில்லை. ‘கை’, ‘தை’ ஆகியவற்றில் வாசகர் முன்பே அறிந்திருந்த குறியே ‘லை’க்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆகையால் முதியோர் புதிய நூலைத் தடையின்றிப் படித்தனர். இளையோர் பழைய அச்சுநூல்களில் சற்றே தயங்கினும் விரைவில் பழகிக்கொள்கின்றனர். தெரிந்த குறியைக் கொண்டு புதியதை அமைத்தமையே அச்சீர்திருத்தத்தின் வலிமை. விண்டோஸ் 8 தெரிந்த குறியை நீக்கித் தெரியாத இடத்தில் பொருளை வைத்தது.

நிறுவனத்தின் மறுமொழி

சினாப்ஸ்கி 2012 நவம்பரில் நிறுவனத்தைவிட்டு விலகினார். 2013 அக்டோபர் 17ஆம் நாள் வெளிவந்த 8.1 பதிப்பில் ஸ்டார்ட் பொத்தான் மீண்டும் தோன்றியது. ஆனால் அதனை அழுத்தினால் பழைய பட்டியல் வரவில்லை. முழுத்திரைக் கட்டங்களே வந்தன. குறி திரும்பியது, அது குறித்த பொருள் திரும்பவில்லை. பயனர் பொத்தானைக் கேட்டனர் என்று எழுத்தெண்ணிப் படித்தவர், அவர்கள் கேட்டதன் உட்பொருளைத் தவறவிட்டார் எனலாம். எனினும், நேரே மேசைத்திரையில் தொடங்கும் தெரிவு அதில் இடம்பெற்றது. 2014 ஏப்ரல் மாத மேம்பாட்டில் தொடக்கத் திரையிலேயே நிறுத்தும் பொத்தானும் தேடுதற்குரிய சின்னமும் வெளிப்படையாக வைக்கப்பட்டன. குறிப்பு ஒவ்வொன்றாக வெளிப்படைக்குத் திரும்பிய வரலாறு இது.

2015 ஜூலை 29ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10, கட்டங்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட பட்டியலாகப் பழையதை மீட்டது. வெளியீட்டிற்கு முன்பே முன்னோட்டப் பதிப்புகளைப் பொதுமக்களுக்குத் தந்து அவர்தம் கருத்தைப் பெறும் திட்டம் 2014 இலையுதிர்காலத்தில் தொடங்கப்பட்டிருந்தது. படிப்பினை முழுமையாகப் பெறப்பட்டதா என்பது வேறு வினா. 2021 அக்டோபர் 5ஆம் நாள் விண்டோஸ் 11 வெளிவந்தபோது பணிப்பட்டையைத் திரையின் பக்கங்களுக்கு நகர்த்தும் வசதியும், சாளரங்களின் பெயர்களைத் தனித்தனியே காட்டும் வசதியும் நீக்கப்பட்டிருந்தன. பின்னது 2023ஆம் ஆண்டில்தான் திரும்பத் தரப்பட்டது. அப்போதும் பயனரின் குரல் புதுமையைக் குறித்ததாக இல்லை. இருந்த தெரிவு ஏன் பறிக்கப்பட்டது என்பதே அவர்தம் வினாவாக இருந்தது.

முடிவுரை

பழக்கத்தால் எழும் வெறுப்பு இல்லவே இல்லை என்று கூற இயலாது. விண்டோஸ் 8-இன் மூலைகளையும் விசைக்குறுக்குவழிகளையும் கற்றுக்கொண்டு விரைவாகப் பணியாற்றியோரும் இருந்தனர். தொடக்கத் திரையில் எழுத்துகளைத் தட்டினாலே தேடல் தொடங்கிவிடும் என்பதை அறிந்தவர்க்கு அது பழைய பட்டியலைவிட வசதியானது. ஆனால் அதனை அறிவிக்கும் குறி எதுவும் முதலில் திரையில் இல்லை. அறிந்தவர்க்கு எளிது, அறியாதவர்க்கு இல்லவே இல்லை என்னும் நிலையை நல்ல பனுவலின் இயல்பாகக் கொள்ள முடியாது. மேலும், பழக்கம் என்பது இழிவுக்குரிய சொல்லும் அன்று. பதினேழு ஆண்டுகள் கோடிக்கணக்கானோர் சேர்த்துவைத்த கற்றல் அது.

இவ்வாய்வு தமிழாசிரியர்க்கு ஒன்றை நினைவூட்டுகிறது. பாடநூல், மின்பாடம், தேர்வுத்தாள் ஆகியவற்றை ஆக்குவோர் நாம். மாணவர் ‘புரியவில்லை’ என்று கூறும்போது அதனை முயற்சியின்மை என்று கொள்வது எளிது. பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அம்முடிவிற்கு வருமுன், அவர் அறிந்திருக்க வேண்டிய குறிகளை நாம் அவர் கண்முன் வைத்தோமா, குறிப்பை உணர்தற்குரிய மரபை முன்கூட்டிக் கற்பித்தோமா என்று வினவுதல் வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு அவ்வினாவின் விடையைப் பெற ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிடித்தன. அதன் பயனர்கள் கிளாசிக் ஷெல் போன்ற மாற்றுவழியை நாடிக்கொண்டனர். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கு அத்தகைய மாற்றுவழி இல்லை.